பிளேட்லெட் 62 ஆயிரம், வால்வில் கசிவு: இரண்டையும் முடிச்சுப் போடலாமா?

கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டது, சுருக்கமாக: "எங்கள் வீட்டில் 7 வயது கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் இருக்கிறது. பெயர் டாலி, எடை 8 கிலோ. ஒரு மாதமாக ராத்திரியில் இருமல். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு மர்மர் (இதயத்தில் இரைச்சல்) கேட்கிறது, ஆறில் மூன்று, வால்வில் கசிவு இருக்கும், எக்கோ எடுங்கள் என்றார். பல்லில் காரை நிறைய இருப்பதால் மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்யவும் சொன்னார். அதற்கு முன்பு ரத்தம் பார்த்ததில் பிளேட்லெட் 62 ஆயிரம். என் மாமனாருக்கு டெங்கு வந்தபோது இந்த அளவுக்குத்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வால்வுக் கசிவால்தான் பிளேட்லெட் குறைந்ததா? பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா? இதய நோய்க்காக மாமனார் சாப்பிடும் எக்கோஸ்பிரினில் கால் மாத்திரை கொடுக்கலாமா? பல் சுத்தம் செய்யலாமா?"

பாதி பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பப்பாளி இலைச் சாறு வேண்டாம். எக்கோஸ்பிரின், அதாவது ஆஸ்பிரின், வேண்டவே வேண்டாம். வால்வுக் கசிவு பிளேட்லெட்டின், அதாவது தட்டணுவின், எண்ணிக்கையை இந்த அளவுக்குக் கீழே இழுப்பதில்லை. ஆனால் கசிவுக்கும் தட்டணுவுக்கும் வேறொரு வகையில் உறவு உண்டு. அது எண்ணிக்கையில் இல்லை, தட்டணு செய்கிற வேலையில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் தேவையில்லாத மருந்து உள்ளே போகும், தேவையான மருந்து தள்ளிப்போகும்.

முதலில் அந்த 62 ஆயிரம். நாய்க்குத் தட்டணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்கும். அந்தக் கணக்கில் 62 ஆயிரம் குறைவுதான். ஆனால் உங்கள் நாய் கேவலியர். இந்த இனத்தில் தட்டணு எண்ணிக்கை குறைவாக இருப்பது பல நாய்களுக்குப் பிறவிக் குணம். காரணமும் தெரிந்ததுதான். எலும்பு மஜ்ஜையில் இருக்கிற பெரிய தாய்ச்செல்லிலிருந்து தட்டணுக்கள் இழை இழையாகப் பிரிந்து வருகின்றன. அந்த இழைக்கு உள்ளே சட்டமாக நிற்பது பீட்டா-1 டியூபுலின் என்ற புரதம். அதற்கான மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தால் சட்டம் உறுதியாக நிற்காது. விளைவு, குறைந்த எண்ணிக்கையில் பெரிய பெரிய தட்டணுக்கள். 2008இல் இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். தாய் தந்தை இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் முழு விளைவு தெரியும். இப்படிப்பட்ட நாய்க்கு 30 ஆயிரம், 50 ஆயிரம் என்று எழுதி வந்தாலும் ரத்தம் கசியாது. எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனாலும் ஒவ்வொன்றும் பெரிதாக இருப்பதால் மொத்தச் சரக்கு ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது.

இதில் மெஷினும் தன் பங்குக்குக் குழப்பும். நம் ஊர் லேப்களில் இருக்கிற எண்ணும் கருவிகளில் பெரும்பாலானவை ரத்தத்தை ஒரு நுண்துளை வழியாக விட்டு, ஒவ்வொரு அணுவும் கடக்கும்போது மின்தடை எவ்வளவு மாறுகிறது என்று அளப்பவை. சின்னதாக இருந்தால் தட்டணு, பெரிதாக இருந்தால் சிவப்பணு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கேவலியரின் பெரிய தட்டணு சிவப்பணு அளவுக்கே இருந்தால் அதைச் சிவப்பணுக் கணக்கில் எழுதிவிடும். இதுபோக, ரத்தம் எடுக்கும்போது ஊசி இரண்டு மூன்று முறை தேடி, நாய் திமிறி, மெதுவாக வந்த ரத்தமாக இருந்தால் ஊதா மூடிக் குழாய்க்குள்ளேயே தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். கொத்தை மெஷின் எண்ணாது. ஆக, தாளில் வந்த எண் மூன்றில் எதனால் வந்தது என்று தாளைப் பார்த்துச் சொல்லவே முடியாது. இனத்தின் குணமா, குழாயில் ஒட்டியதா, உண்மையாகவே நோயா?

சொல்லக்கூடியது ஒரு கண்ணாடிச் சில்லு. அதே ரத்தத்தில் ஒரு துளி எடுத்து ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டு, எண்ணெய் லென்ஸில் பார்க்க வேண்டும். முதலில் இழுத்த பூச்சின் (ஸ்மியர்) வால் நுனிக்குப் போக வேண்டும். தட்டணு கொத்தாக இருந்தால் அங்கேதான் ஒதுங்கி நிற்கும். நுனியில் கொத்து கிடந்தால் அந்த எண்ணைக் கிழித்துப் போட்டுவிடலாம், புதிதாக ரத்தம் எடுத்தால் போதும். வெளிர்நீல மூடி சிட்ரேட் குழாயில் எடுத்தால் சில நாய்களுக்குக் கொத்து குறையும். அதில் ஏற்கெனவே மருந்து நீர் இருப்பதால் வந்த எண்ணிக்கையை 1.1 ஆல் பெருக்க வேண்டும். கொத்து இல்லை என்றால், சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இடத்துக்கு வந்து லென்ஸில் தெரியும் வட்டத்தைப் பத்து இடத்தில் எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். ஒரு வட்டத்தில் ஒரு தட்டணு என்றால் மைக்ரோலிட்டருக்குச் சுமார் 15 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். டாலிக்கு ஒரு வட்டத்தில் நாலோ ஐந்தோ தெரிந்து, அவற்றில் பல பக்கத்துச் சிவப்பணு அளவுக்குக் கொழுகொழு என்று இருந்தால், பிளேட்லெட் கவலையைப் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடலாம். சில்லு போட ஆகும் செலவு ஒரு டீ வடை காசு. இருந்தும் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு, எண் அச்சாகி வந்துவிட்டால் அதோடு திருப்தி.

பெரும்பாலும் என்று ஏன் சொன்னேன் என்றால், நாம் இருப்பது உண்ணி நாடு. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வருஷம் முழுக்க உண்ணி இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்ச் சூட்டில் அது சுவர் விரிசலிலும் கட்டில் காலடியிலும் குஞ்சு பொரித்துக்கொண்டே இருக்கும். நாய்மேல் ஒன்றையும் காணோம் என்பதால் கடிக்கவில்லை என்று ஆகாது. பழுப்பு நாய் உண்ணி கொண்டுவரும் எர்லிக்கியா என்ற கிருமி நம் பக்கத்தில் தட்டணு குறைவதற்கு முதல் சந்தேக நபர். அது எண்ணிக்கையை மட்டும் குறைப்பதில்லை, மிச்சமிருக்கிற தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும். அதனால்தான் 80 ஆயிரம் இருந்தும் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகுகிற நாயைப் பார்க்கிறோம். கேவலியர் 40 ஆயிரத்தோடு ஓடி விளையாடும், எர்லிக்கியா நாய் அதைவிட இரண்டு மடங்கு வைத்துக்கொண்டு ரத்தம் சிந்தும். எண் மட்டும் பேசாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அனாபிளாஸ்மா பிளாட்டிஸ் என்று இன்னொன்று உண்டு. அது தட்டணுவுக்குள்ளேயே குடியேறுகிற கிருமி. அதில் எண்ணிக்கை ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை விழுந்து விழுந்து எழும். ஒரு நாள் எடுத்த ரத்தம் நல்லதாக வந்து ஏமாற்றிவிடும். எர்லிக்கியாவுக்கு விரைவுச் சோதனைப் பட்டை இருக்கிறது, ஆனால் அது பார்ப்பது எதிர்ப்புப் புரதத்தை. எப்போதோ வந்துபோன நோய்க்கும் மாதக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். ஸ்லைடு, பட்டை, நாயின் காய்ச்சல், ஈறின் நிறம், மண்ணீரல் வீக்கம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு. கிருமி இருக்கிறது என்று ஆனால் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், நான்கு வாரம், ஒரு நாள் விடாமல். எர்லிக்கியாவாக இருந்தால் மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே தட்டணு ஏற ஆரம்பிக்கும். ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும், அல்லது இனத்தின் குணம் என்று விட வேண்டும்.

பப்பாளிக்கு இப்போது வருகிறேன். டெங்குவோடு ஒப்பிட்டதால்தான் அந்த யோசனை வந்தது, புரிகிறது. டாலிக்கு வந்திருப்பது டெங்கு இல்லை. கிருமி காரணம் என்றால் கிருமியைக் கொல்ல வேண்டும். பிறவிக் குணம் என்றால் ஏற்றுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. இரண்டிலும் இலைச் சாறுக்கு வேலை கிடையாது. கசப்பில் வாந்தி எடுத்து, அதனால் சாப்பாட்டை விட்டால் அது புதுத் தொல்லை.

இதே இடத்தில் இன்னொரு எச்சரிக்கை. 62 ஆயிரத்தைப் பார்த்துவிட்டு, உடம்பே தன் தட்டணுவை அழிக்கிறது என்று எடுத்துக்கொண்டு பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எழுதுவது உண்டு. அந்த நோயில் எண்ணிக்கை பெரும்பாலும் இன்னும் மிகக் கீழே, 20 ஆயிரத்துக்குக் கீழ் என்றுகூட இருக்கும். தோலில் சிவப்புப் புள்ளி, ஈறில் ரத்தத் திட்டு தெரியும். வால்வு கசிகிற நாய்க்கு ஸ்டீராய்டு உடம்பில் நீரைத் தேக்கி, அமைதியாக இருந்த இதயத்தைத் தடுமாற வைக்கக்கூடும். ஸ்லைடு பார்க்காமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

இனி வால்வு. சிறு நாய்களுக்கு வயதில் வரும் இதய நோய்களில் முக்கால்வாசி இது ஒன்றுதான். இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற மைட்ரல் வால்வின் இதழ்கள் தடித்து, நுனியில் முடிச்சு முடிச்சாகி, அவற்றைப் பிடித்திருக்கும் நாண்கள் நீண்டு தளர்ந்துவிடும். மூடவேண்டிய நேரத்தில் முழுதாக மூடாது. கீழறை சுருங்கும்போது ரத்தத்தில் ஒரு பங்கு பின்னால் பீச்சியடிக்கும். அந்தப் பீச்சலின் சத்தம்தான் மர்மர். நம் வீடுகளில் இதை அதிகம் பார்ப்பது வயதான பொமரேனியனிலும் டாஷண்டிலும். கேவலியரில் மட்டும் முன்கூட்டியே வரும், ஐந்தாறு வயதிலேயே ஏறக்குறைய பாதி நாய்களில் மர்மர் கேட்கும், 10 வயது தாண்டினால் தப்புகிறவை மிகச் சில. தட்டணுவையும் வால்வையும் பற்றிய ஆராய்ச்சி அதிகமும் இந்த இனத்தில் நடந்ததற்கு இதுதான் காரணம். இரண்டு தனித்தனிப் பிறவிக் குணங்கள் ஒரே இனத்தில் மலிந்து கிடந்தன. ஒன்றுதான் மற்றதற்குக் காரணமோ என்று யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்!

எண்ணிக்கையைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகம் நிற்கவில்லை. பெரிய தட்டணு மரபணு இருக்கிறதா இல்லையா என்பது பிறக்கும்போதே முடிவான விஷயம், வால்வு கசியத் தொடங்குவது பல வருஷம் கழித்து. ஆனால் வேலை விஷயத்தில் சுவாரசியமான ஒன்று கிடைத்தது. ரத்தக்குழாயில் காயம் பட்டால் தட்டணு தானாகப் போய் அங்கே ஒட்டாது. நடுவில் பசைபோல ஒரு புரதம் வேண்டும், வான் வில்பிராண்ட் காரணி என்று பெயர். அது நீளநீளமான சங்கிலியாக ரத்தத்தில் சுற்றுகிறது. சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு ஒட்டும் வலு. சாதாரண ஓட்டத்தில் அது சுருண்டு கிடக்கும். கசியும் வால்வின் சந்து வழியாக ரத்தம் அதிவேகமாகப் பாயும்போது அந்த இழுவையில் சுருள் பிரிந்து நீள்கிறது. நீண்டதும், ரத்தத்திலேயே இருக்கிற ஒரு கத்தரி நொதி அதை வெட்டுகிறது. நீளமான சங்கிலிகள் குறைந்து குட்டைகள் மட்டும் மிஞ்சுகின்றன. தட்டணு இருக்கிறது, பசை பலவீனம்.

மனிதர்களில் இது பழைய கதை. 1958இல் எட்வர்ட் ஹைட் என்ற அமெரிக்க மருத்துவர், அயோர்ட்டிக் வால்வு சுருங்கிய முதியவர்களுக்குக் காரணம் தெரியாமல் குடலில் ரத்தம் கசிகிறது என்று எழுதினார். இந்தச் சங்கிலி வெட்டுப்படுவதுதான் பின்னணி என்பது பல காலம் கழித்துத்தான் விளங்கியது. வால்வை மாற்றினால் ரத்தக் கசிவு நிற்கிறது. நாய்களில் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் 2000க்குப் பிறகான சில ஆண்டுகளில் கேவலியர்களை எடுத்துப் பார்த்தார்கள். வால்வுக் கசிவு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்த நாய்களில் நீளச் சங்கிலிகள் குறைந்திருந்தன. காயத்தைப் போலச் செய்யப்பட்ட நுண்துளையைத் தட்டணு அடைப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரமும் கூடியிருந்தது. அதாவது கசிவு கூடக்கூட, தட்டணு ஒட்டுகிற வேலை கொஞ்சம் மந்தம்.

இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். கருவியில் தெரிகிற மந்தம் வேறு, வீட்டில் நாய் ரத்தம் சிந்துவது வேறு. வால்வு கசிகிற சிறு நாய்கள் இந்தக் காரணத்தால் தானாக ரத்தம் ஒழுகி வருவது எங்கள் வேலையில் அபூர்வம். ஆனால் இதில் ஒரு நடைமுறை விஷயம் இருக்கிறது. பசை ஏற்கெனவே கொஞ்சம் பலவீனமாக இருக்கிற நாய்க்கு, தட்டணுவின் வேலையை இன்னும் குறைக்கிற மாத்திரையை நாமே கொடுக்கலாமா? உங்கள் எக்கோஸ்பிரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

உங்கள் மாமனாருக்கு ஆஸ்பிரின் கொடுப்பது இதயத் தமனியில் கொழுப்பு படிந்த இடத்தில் ரத்தக் கட்டி உருவாகாமல் இருக்க. நாய்க்கு அந்த நோய் ஏறக்குறைய இல்லை. தைராய்டு குறைந்தவை, சர்க்கரை நோய் உள்ளவை என்று ஒருசில விதிவிலக்குகள் மட்டும். மைட்ரல் கசிவுள்ள நாய்க்குக் கட்டி உருவாகி அடைப்பதும் அபூர்வம். ஆஸ்பிரின் தட்டணுவில் தடுப்பது திராம்பாக்சேன் என்ற தூண்டுபொருளை. பல நாய்களின் தட்டணு அதற்கு மனிதத் தட்டணு அளவுக்கு மசிவதே இல்லை. ஆக லாபம் சந்தேகம், நஷ்டம் நிச்சயம்: வயிற்றுப் புண், கருப்பாக மலம். நாளைக்கு டாலிக்கு நீர் பிரியும் மருந்தும் பெனாசெப்ரில் மாதிரி ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்தும் தேவைப்பட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தில் கை வைக்கும். வீட்டில் இருக்கிற ஐபுபுரூபன், டைக்ளோபினாக் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை, அவை நாய்க்கு விஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"பூனைக்குக் கொடுக்கிறார்களே" என்று சிலர் கேட்பார்கள். பூனை வேறு. பூனையின் இதயத் தசை தடிக்கும் நோயில் மேலறைக்குள் கட்டி உருவாகி, அது பின்னங்கால் தமனியில் போய் அடைத்து, கால் இரண்டும் சில்லிட்டுப் போவது உண்மையான ஆபத்து. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருமுறை அப்படி அடைத்துப் பிழைத்த பூனைகளுக்கு மறுபடி அடைக்கும் வரையிலான நடுக்கால அளவு (நாட்களை வரிசையாக வைத்தால் நடுவில் வருவது), தட்டணுவைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோக்ரெல் கொடுத்ததில் 443 நாள், ஆஸ்பிரின் கொடுத்ததில் 192 நாள். பூனைக்கேகூட ஆஸ்பிரின் நல்ல தேர்வாக இல்லை.

தட்டணுவுக்கும் வால்வுக்கும் இன்னொரு உறவும் பேசப்படுகிறது, செரோடோனின் வழியாக. இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். செரோடோனின் என்றதும் மூளை, மனச்சோர்வு என்று தோன்றும். உடம்பில் அது பெரும்பகுதி உண்டாவது குடலில். ரத்தத்துக்கு வந்ததும் தட்டணு அதை உறிஞ்சித் தன் பைகளில் அடைத்துக்கொண்டு சுற்றுகிறது, காயத்தில் ஒட்டும்போது அதைக் கொட்டுகிறது. வால்வு இதழில் இருக்கிற செல்களுக்குச் செரோடோனினை உணரும் வாங்கிகள் உண்டு. அவை தொடர்ந்து தூண்டப்பட்டால் இதழ் தடிக்கும் வேலையில் இறங்குகின்றன. மனிதர்களில் இதற்குச் சாட்சி இருக்கிறது: உடல் எடை குறைக்க விற்ற பென்புளூரமின் மருந்து வால்வுகளைக் கெடுத்ததால் 1997இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. செரோடோனினைச் சுரக்கும் ஒருவகைக் குடல் கட்டியிலும் வால்வு தடிக்கும்.

நாய்களில் அளந்தபோது, மைட்ரல் நோய் உள்ளவற்றில் ரத்த நீரில் செரோடோனின் சராசரியாகக் கூடுதல் என்றும், கேவலியரில் மற்ற இனங்களைவிடக் கூடுதல் என்றும் கண்டார்கள். உடனே சங்கிலி போட்டுவிடத் தோன்றும்: கசிவின் பீச்சலில் தட்டணு உசுப்பப்படுகிறது, செரோடோனினைக் கொட்டுகிறது, அது வால்வை இன்னும் தடிக்க வைக்கிறது, கசிவு இன்னும் கூடுகிறது. அழகான கதை. ஆனால் அழகுக்காக நம்பக் கூடாது. ரத்தத்தை உறையவிட்டுப் பிரித்த நீரில் அளந்தால், உறையும்போது குழாய்க்குள் தட்டணு கொட்டியதும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். அப்போது நாம் அளப்பது நாய்க்குள் வால்வைத் தொட்ட செரோடோனினா, குழாயில் கொட்டியதா? நோய் முற்றிய நாய்களில் அளவு குறைவாக இருந்ததாகவும் பதிவு உண்டு. மாடா கன்றா எது முதலில் என்ற கேள்வி தீரவில்லை. இந்தக் கருத்தை வைத்து நாய்க்குக் கொடுக்க நிரூபணமான மருந்து எதுவும் இன்று இல்லை. யாராவது செரோடோனினைக் குறைக்கும் சத்துப்பொடி என்று விற்றால் காசைப் பையிலேயே வையுங்கள்.

டாலிக்கு உண்மையில் பலன் தரக்கூடிய மருந்து பிமோபெண்டன். ஆனால் எல்லா மர்மருக்கும் அல்ல. அமெரிக்க விலங்கு உள்மருத்துவ வல்லுநர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் நோயை ஏ, பி, சி, டி என்று நான்கு படிகளாகவும், பியை மறுபடி இரண்டாகவும் பிரிக்கிறது. ஏ என்பது மர்மர் இன்னும் வராத, ஆனால் வரக்கூடிய இனம். பி1 என்பது மர்மர் உண்டு, இதயம் பெரிதாகவில்லை. பி2 என்பது இதயம் பெரிதாகிவிட்டது, மூச்சுத் திணறல் இன்னும் இல்லை. சி என்பது நுரையீரலில் நீர் கோத்தது, டி என்பது சாதாரண மருந்துக்கு அடங்காதது. பி2இல் பிமோபெண்டன் தொடங்கினால் நீர் கோப்பது தள்ளிப்போகிறது. 2016இல் வந்த எபிக் ஆய்வில் 360 நாய்கள் இருந்தன. இதயம் தோற்கவோ அதனால் இறக்கவோ ஆன நடுக்கால அளவு மருந்து கொடுத்தவற்றில் 1,228 நாள், வெற்று மாத்திரை கொடுத்தவற்றில் 766 நாள். ஏறக்குறைய 15 மாத வித்தியாசம், சிறு நாயின் ஆயுளில் அது பெரிய காலம். பி1இல் தொடங்கியதற்கு இப்படி ஒரு நன்மை காட்டப்படவில்லை. அதனால்தான் எக்கோ அவசியம். எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவு செய்வதானால் கேவலியரின் இதய அளவு, முதுகெலும்புக் கணுக்களை அளவுகோலாக வைக்கும் கணக்கில், இயல்பாகவே சராசரி 10.6 வரை வரும் என்பதைப் படிப்பவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். பொது வரம்பு 10.5. அந்தப் பொதுக் கோலை இதற்கு வைத்தால் நல்ல இதயமும் வீங்கியதாகத் தெரியும்.

படித்தவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். பிமோபெண்டன் தடுக்கிற நொதி தட்டணுவுக்குள்ளும் இருக்கிறதே, 62 ஆயிரம் உள்ள நாய்க்கு அது தட்டணுவை முடக்காதா? நியாயமான சந்தேகம். சோதனைக்குழாயில் மிக அதிக அடர்த்தியில் கொடுத்தால் தட்டணு திரளுவது குறைகிறது. நாய்க்குக் கொடுக்கும் வழக்கமான அளவில் ரத்தத்தில் சேரும் அடர்த்தி அதற்குப் பக்கத்திலேயே வருவதில்லை. ஆகவே பிளேட்லெட் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக, பி2 ஆன நாய்க்கு இதைத் தள்ளிப்போட வேண்டாம். மாத்திரை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, 12 மணிக்கு ஒருமுறை. இட்லியில் பொதித்துக் கொடுத்துப் பழக்கிவிட்டால் வேலை செய்வது குறையும்.

இருமலைப் பற்றி நீங்கள் எழுதியதை மறக்கவில்லை. சிறு நாய்களில் இருமல் என்றாலே நெஞ்சில் நீர் என்று ஆகாது. பெரிதான மேலறை மூச்சுக்குழலை அமுக்கினாலும் இருமும், மூச்சுக்குழலே தளர்ந்து தட்டையாகிற நோயிலும் இருமும், அது பொமரேனியனுக்கு மிகச் சாதாரணம். நீர் கோப்பதை முதலில் காட்டுவது தூங்கும்போது விடுகிற மூச்சு. டாலி நன்றாகத் தூங்கியபின், கனவு கண்டு கால் உதறாத நேரத்தில், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து ஒரு நிமிஷம் எண்ணுங்கள். மொபைலில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணால் குத்துமதிப்பு வேண்டாம். 30க்குக் கீழே இருக்க வேண்டும், பெரும்பாலான நாய்கள் 25க்குள்தான் இருக்கும். மார்ச், ஏப்ரலில் நம் பக்கத்து மத்தியானத்தில் கரண்ட் போய் ஃபேன் நின்றால் எந்த நாயும் வேகமாக மூச்சு விடும். அந்த எண்ணை எழுதாதீர்கள், விடியற்காலை எண்ணுங்கள். ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு வாரக் குறிப்பு எனக்கு எந்த ரத்தச் சீட்டையும்விடப் பயன்படும்.

பல் விஷயம். பல் அழுக்கிலிருந்து கிருமி போய்த்தான் வால்வு இப்படி ஆனது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிருமி வால்வைத் தாக்கும் நோய் தனி, அது வருவது அதிகமும் பெரிய நாய்களுக்கு. ஆனால் வலிக்கிற பல்லோடு நாயை விட்டுவைப்பதும் நியாயமில்லை, சுத்தம் செய்யலாம். வரிசை மட்டும் முக்கியம். முதலில் ஸ்லைடும் உண்ணிக் காய்ச்சல் சோதனையும். இவை உங்கள் ஊர் மிருகாசுபத்திரியிலோ பொள்ளாச்சியிலோ முடிந்துவிடும். அடுத்தது எக்கோ, அதற்குத் திருச்சூரில் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியைச் சேர்ந்த கொக்காலை ஆஸ்பத்திரி அல்லது கோயம்புத்தூர். எர்லிக்கியா தெரிந்தால் டாக்சிசைக்ளின் முடியும் வரை பல்லுக்கு அவசரமில்லை. கிருமி இல்லை, ஸ்லைடில் பெரிய தட்டணு, எக்கோவில் பி1 அல்லது மருந்துக்கு நிலையாக இருக்கிற பி2 என்றால் தேதி வைக்கலாம்.

பல் பிடுங்க வேண்டியிருந்தால் மயக்கம் கொடுத்த உடனே மேலுதட்டை மடித்து உள்பக்கத்தில் சின்னக் கீறல் போட்டு எத்தனை நிமிஷத்தில் ரத்தம் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நாலு நிமிஷத்துக்குள் நின்றால் தட்டணு எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் அது வேலை செய்கிறது என்று அர்த்தம், தொடரலாம். நிற்கவில்லை என்றால் காரையை மட்டும் எடுத்துவிட்டு, பிடுங்குவதைத் தள்ளிவைக்கலாம். சலைன் பாட்டிலை வேகமாக ஓட்ட வேண்டாம், இதய நாய் என்று மயக்கம் கொடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். டாலி சாப்பிடும் எல்லா மாத்திரையையும் கையோடு கொண்டுபோங்கள், வலிக்கு எதைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய அது வேண்டும். வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியும் அடுத்த ராத்திரியும் மூச்சை எண்ணுங்கள். தூக்கத்தில் 30ஐத் தாண்டி, ஒரு மணி நேரம் கழித்து எண்ணியும் அப்படியே இருந்தால் விடியட்டும் என்று உட்காராமல் கிளம்பிவிடுங்கள்.